பூச்சிக்கும் இரத்தம் உறையுமா?

காட்பாடிப் பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில், முள் குத்திய கம்பளிப்பூச்சியிலிருந்து கசிந்த வெளிர்பச்சை நீர் சற்று நேரத்தில் கறுத்து இறுகியதைக் கண்டு இவ்வாறு கேட்டிருக்கிறீர்கள்.

உறையும், ஆனால் வழி வேறு. பூச்சியின் இரத்தம் குழாய்களுக்குள் அடங்காமல் உடற்குழி முழுவதும் உறுப்புகளை நனைத்தபடி இருப்பதால், தோலில் சிறு துளை விழுந்தாலும் ஆபத்துதான். ஆகவே இரத்த அணுக்கள் வெளியிடும் புரதங்களை டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நொதி ஒன்றோடொன்று பிணைக்க, அந்த வலை காயத்தை அடைக்கிறது. நீங்கள் கண்ட கறுப்பு அடுத்த கட்டம்: ஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதியின் செயலால் மெலனின் உருவாகிறது. இலவம்பாடி முள்கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறதே, ஏறக்குறைய அதே வேதிவினைதான். இவ்வினையின் இடையில் தோன்றும் பொருள்கள் கிருமிகளுக்கு நஞ்சு. குளவி உள்ளே இட்ட முட்டையைக்கூட அணுக்கள் சூழ்ந்து இவ்வாறே கறுப்புறையிட்டு மூச்சடைக்கச் செய்வதுண்டு.

நம்மைப் போல் எதிர்ப்புரதங்கள் (ஆன்டிபாடிகள்) பூச்சிக்கு இல்லை. மாறாக, கொழுப்புத்திசு சில மணி நேரத்தில் கிருமிக்கொல்லிப் புரதத்துணுக்குகளைச் சுரக்கிறது. இச்சுரப்பைத் தூண்ட உதவும் டோல் என்னும் மரபணு பழுதான பழ ஈக்கள் பூஞ்சைத் தொற்றில் மடிவதை 1996இல் காட்டிய ஆய்வுக்குழுவின் தலைவர் ஜூல்ஸ் ஹாஃப்மன், 2011இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.