அறுவடை இயந்திரத்தில் தானியம் வீணாவதைக் குறைக்க எந்தப் பாகத்தை முதலில் மாற்ற வேண்டும்?

கதிரை அடித்து மணியை உதிர்க்கும் டிரம், அதன் அடியில் வளைந்திருக்கும் கம்பிச் சட்டமான கான்கேவ், மணியைச் சலித்துப் பிரிக்கும் சல்லடை, இந்த மூன்றில் எதை மாற்றினால் பலன் இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே குழப்பத்தில்தான் நான் ஒரு புதுக் கான்கேவ் வாங்கி மாட்டினேன். இழப்பு கொஞ்சமும் குறையவில்லை. மணி கொட்டியது பின்னால் இல்லை, முன்னால்! பயிரை வெட்டும் கட்டர் பக்கம் வளைத்துத் தள்ளும் ரீல் வேகமாகச் சுற்றி, முற்றிய கதிர்களை அடித்து உதிர்த்திருக்கிறது. வேகத்தைக் குறைத்தேன், சரியாகிவிட்டது.

அதனால் முதலில் தரையைப் பாருங்கள். அறுத்துக்கொண்டிருக்கும்போதே வண்டியை நிறுத்தி, அதன் நீளத்துக்குப் பின்னால் எடுங்கள். நிற்கும் பயிருக்குள் கிடப்பது தானாக உதிர்ந்தது. பயிருக்கும் கட்டருக்கும் நடுவில் கூடுதலாகக் கிடப்பது கட்டரும் ரீலும் உதிர்த்தது. வைக்கோல் விழுந்த வரிசையில் அதற்கும் மேல் இருந்தால் அது டிரம், சல்லடை வழியாகப் போனது. 1000 நெல்மணி ஏறக்குறைய 20 முதல் 25 கிராம் இருக்கும். ஆக, சதுர மீட்டருக்கு 40, 50 மணி என்றால் ஹெக்டேருக்கு 10 கிலோ. ஆனால் 4 மீட்டர் அகலத்துக்கு அறுத்த வைக்கோல் 1 மீட்டர் வரிசையில் விழுகிறது என்றால், அந்த வரிசையில் கூடுதலாக எண்ணியதை 4-ஆல் வகுக்க வேண்டும். இதை மறந்துவிட்டுப் பயந்தவர்கள் நிறைய.

வைக்கோலைக் கையில் எடுத்துப் பாருங்கள். கதிரில் மணி ஒட்டிக்கொண்டே வந்தால் டிரம்மைத்தான் கவனிக்க வேண்டும். அதன் மேல் இருக்கும் வரி போட்ட இரும்புப் பட்டையான ராஸ்ப் பாரின் விளிம்பு மழுங்கியிருந்தால் அடி சரியாக விழாது. உடனே பலரும் டிரம்முக்கும் கான்கேவுக்கும் உள்ள இடைவெளியை இறுக்கி, வேகத்தைக் கூட்டுவார்கள். மணி உடைவதுதான் மிச்சம். பார் மாற்றுவதென்றால் எதிரெதிர் ஜோடியாக, ஒரே எடையில் மாற்றுங்கள். இல்லாவிட்டால் டிரம் அதிரும். பாரில் உள்ள வரிகள் ஒன்றில் இடப்பக்கம், அடுத்ததில் வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கான்கேவும் தேய்ந்திருந்தால் சேர்த்தே மாற்றிவிடுங்கள். கோதுமைக்குக் கான்கேவில் நெருக்கமான கம்பி. மக்காச்சோளத்துக்கு அகல இடைவெளி. மாட்டிய பிறகு இடைவெளியைப் புதிதாக வைக்க வேண்டும்: முன்பக்கம் அதிகம், பின்பக்கம் குறைவு, இடமும் வலமும் சமம். (இன்ஜினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கை வையுங்கள்.) அப்புறம் டிரம் பெல்ட். அது தளர்ந்து வழுக்கினால் புதுப் பாரும் வேலைக்கு ஆகாது.

சல்லடை கிழிந்தோ வளைந்தோ இல்லையென்றால் மாற்றத் தேவையில்லை. சல்லடையில் விழாமல் மறுபடி அடிக்கத் திரும்பி வரும் தானியத்தில் சுத்தமான மணி நிறைய இருந்தால் கீழ்ச்சல்லடையைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். பதரோடு நல்ல மணி பறந்தால் காற்றைக் குறையுங்கள். ரொம்பக் குறைத்தால் சண்டு (வைக்கோல் துணுக்கு) சல்லடையில் மெத்தை போலப் படிந்து, மணி அதன் மேலேயே ஏறிப் போய்விடும்.

இவ்வளவுக்குப் பிறகும் வைக்கோலோடு உதிரி மணி போனால் வண்டியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். உள்ளே போகும் பயிர் ஒரு அளவைத் தாண்டினால் இழப்பு சட்டென்று எகிறும். போன அறுவடையில் ஒரு கியர் இறக்கி ஓட்டித்தான் நான் சல்லடைச் செலவிலிருந்து தப்பித்தேன்.