பஸ்கா விருந்தில் நான்கு கோப்பை ஒயின்: மறுநாள் தலைவலி இல்லாமல் எழுந்திருக்க

கேள்வி: நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்யும் யூத நண்பர், பஸ்கா பண்டிகையின் முதல் நாள் இரவு விருந்துக்குக் குடும்பத்தோடு அழைத்திருக்கிறார். சடங்கில் நான்கு கோப்பை ஒயின் உண்டாம். எனக்கு இரண்டு கோப்பை சிவப்பு ஒயின் உள்ளே போனாலே மறுநாள் தலை தூக்க முடியாது. காலையில் அலுவலகம் வேறு இருக்கிறது. நண்பர் மனமும் நோகக் கூடாது. என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நான்கு கோப்பை என்பது யூதர்களுக்கான கடமை, விருந்தாளியான உங்களுக்கு அது கிடையாது. அவர்களிலேயே குழந்தைகள், கர்ப்பிணிகள், ஒயின் ஒத்துக்கொள்ளாதவர்கள் திராட்சைச் சாற்றை வைத்துச் சடங்கை முடிப்பது சாதாரணம். "எனக்குச் சாறு போதும்" என்று ஓரிரு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒயின் தலைவலி அவர்களுக்குப் புதிதும் அல்ல. பஸ்காவின் நான்கு கோப்பையைக் குடித்துவிட்டு, ஏழு வாரம் கழித்து வரும் ஷாவுவோத் பண்டிகை வரை நெற்றிப்பொட்டைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியிருக்கிறது என்று யூத மத குருவான ரபி யெகூதா பார் இலாய் சொன்னதாக, அவர்களின் பழைய சட்ட நூலான தால்முதிலேயே இருக்கிறது.

ஒயின்தான் குடிக்கப்போகிறீர்கள் என்றால், செடர் எனப்படும் அந்த இரவு எப்படி நகர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சிக்கலே அந்த வரிசையில்தான் இருக்கிறது. இருட்டிய பிறகு ஆசி சொல்லி முதல் கோப்பை. பிறகு பார்ஸ்லியோ உருளைக்கிழங்கோ ஒரு துண்டு, உப்புத் தண்ணீரில் தோய்த்து. அடுத்து எகிப்திலிருந்து விடுதலையான கதையை ஹகாடா புத்தகத்தைப் பார்த்துப் படிப்பார்கள். இது மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகலாம். அதன் முடிவில் இரண்டாம் கோப்பை. அதற்கும் பிறகுதான் மட்சா என்ற புளிக்காத ரொட்டி, கசப்புக் கீரை, சாப்பாடு. ஆசார வீடுகளில் சூப் வரும்போது இரவு ஒன்பதரை, பத்து ஆகிவிடும். ஆக முதல் இரண்டு கோப்பையும் வெறும் வயிற்றில் இறங்குகின்றன. இரைப்பையில் உணவு இல்லாவிட்டால் ஆல்கஹால் தங்காமல் சிறுகுடலுக்குப் போய் வேகமாக ரத்தத்தில் ஏறும்.

அதனால் மாலை ஐந்தரை, ஆறு மணிக்கு வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். நான்கு இட்லி சாம்பாரோடு, அல்லது தயிர்சாதமும் ஒரு முட்டையும். அன்று மதியத்துக்குப் பின் வயிறு நிறையச் சாப்பிடக் கூடாது என்ற கட்டுப்பாடு அவர்களுக்கு மட்டும்தான். ஆனால் பையில் பிஸ்கட், முறுக்கு எதையும் எடுத்துப் போகாதீர்கள். மட்சா தவிர வேறு கோதுமைப் பண்டம் அந்த வாரம் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. பல குடும்பங்கள் அரிசி, பருப்பையும் தொடுவதில்லை.

அடுத்தது கோப்பையின் அளவு. சடங்குக்குக் குறைந்த அளவு 86 மில்லி என்று ஒரு கணக்கு, 150 மில்லி என்று இன்னொரு கணக்கு. 12 சதவீத ஒயினில் 86 மில்லி கோப்பை நான்கு என்றால் சுமார் 33 கிராம் ஆல்கஹால். 150 மில்லி என்றால் 57 கிராம். கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். சின்னக் கோப்பையின் சுமை நாலைந்து மணி நேரத்தில் கரைந்துவிடும். பெரியது விடியும்வரை இழுக்கும். சின்னதாகக் கேட்டு வாங்குங்கள். அவர்கள் ஒரே மூச்சில் குடிப்பது சடங்குக்காக. நீங்கள் மெல்ல உறிஞ்சலாம். கதை வாசிக்கும்போது இரண்டாம் கோப்பை நிரம்பியபடி முன்னாலேயே இருக்கும். எகிப்தைத் தாக்கிய பத்து வாதைகளைச் சொல்லும்போது, ஒவ்வொன்றுக்கும் விரலால் ஒரு சொட்டு எடுத்துத் தட்டில் விடுவார்கள். அதுவரை கை சும்மா இராமல் கோப்பையைத் தேடும். பக்கத்தில் ஒரு தண்ணீர் டம்ளர் இருக்கட்டும்.

சிவப்பு ஒயினே உங்களுக்கு எதிரி என்று உங்கள் கடிதமே சொல்கிறது. நொதித்தலில் சேரும் உபபொருள்களும் ஹிஸ்டமினும் அதில் வெள்ளை ஒயினைவிட அதிகம். சல்ஃபைட்டைக் குறை சொல்வார்கள், ஆனால் அது பொதுவாக வெள்ளையில்தான் கூடுதல். சிவப்புக்குச் சடங்கில் முன்னுரிமை உண்டே தவிர வெள்ளையும் செல்லும். 5 சதவீதம் மட்டுமே உள்ள மொஸ்காட்டோ வகை ஒயின் கோஷரில், அதாவது யூத உணவு விதிப்படி தயாரானதாக, கிடைக்கிறது. நான்கு சின்னக் கோப்பைக்கு 14 கிராம்தான் வரும். பாதி ஒயின், பாதி திராட்சைச் சாறு என்று கலந்து குடிப்பவர்களும் உண்டு. புட்டி வாங்கிப்போவதானால் "பஸ்காவுக்கு உகந்தது" என்ற கோஷர் முத்திரையோடு, மெவுஷல், அதாவது சூடாக்கப்பட்ட வகையாகப் பார்த்து வாங்குங்கள். மற்ற ஒயினை யூதரல்லாதவர் ஊற்றினால் ஆசாரமானவர்கள் குடிக்க மாட்டார்கள். ஆகவே மேஜையில் இருக்கும் புட்டியை நீங்களாக எடுத்து ஊற்ற வேண்டாம்.

நிறையப் பேர் கவிழ்வது சாப்பாட்டு நேரத்தில். இரண்டாம் கோப்பைக்கும் மூன்றாம் கோப்பைக்கும் நடுவே எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்பதால் கோப்பை காலியாக விடமாட்டார்கள். அந்தக் கூடுதல் ஒயினை மட்டும் மறுத்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் முட்டை, மட்சா உருண்டை போட்ட சூப் இரண்டையும் தாராளமாகச் சாப்பிடுங்கள். நீரும் உப்பும் சேர்ந்தே கிடைக்கும். கடைசியாக அஃபிகோமான் என்ற மட்சாத் துண்டைச் சாப்பிட்டதும் உணவு முடிந்தது. அதற்குப் பின் மீதி இரண்டு கோப்பை. வேறு தின்பண்டம் கிடையாது, தண்ணீருக்குத் தடை இல்லை. கோப்பைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கணக்கு. ஆல்கஹால் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை அடக்குவதால், வழக்கத்தைவிடக் கூடுதலாக நீர் வெளியேறும்.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு டம்ளர் தண்ணீர், பிறகு தூக்கம். மறுநாளைக்கு என்று முன்கூட்டியே பாராசிட்டமால் போடாதீர்கள். ஆல்கஹாலோடு சேர்ந்தால் கல்லீரலுக்குச் சுமை. ஐபுபுரூஃபன் வயிற்றைப் புண்ணாக்கும். காலையில் ஓ.ஆர்.எஸ். கரைசலும் கஞ்சியும் போதும். இன்சுலினோ, சர்க்கரைக்கான மாத்திரையோ, தூக்க மாத்திரையோ, மெட்ரோனிடசோலோ எடுப்பவரானால் அன்றிரவு ஒயினே வேண்டாம், சாறு போதும்; அதில் சர்க்கரை அதிகம் என்பதால் நீரிழிவு உள்ளவர்கள் அதையும் அளந்தே குடிக்க வேண்டும். திரும்பும்போது காரை, ஒயின் தொடாத ஒருவர் ஓட்ட வேண்டும். அது யார் என்பதைக் கிளம்பும் முன்பே வீட்டில் பேசி முடிவுசெய்துவிடுங்கள்.