அப்பா கொண்டுவந்த பொட்டலம்

அக்காவுக்கு வணக்கம்.

நான் குடியாத்தத்தில் பிறந்தவள். கல்யாணமாகி புனே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அப்பா வேலை விஷயமாக அடிக்கடி ஆம்பூர் போவார். ராத்திரி வீடு திரும்பும்போது, வாழை இலையில் மடித்து மேலே பேப்பர் சுற்றி நூல் கட்டிய பிரியாணிப் பொட்டலம் கையில் இருக்கும். அந்த ருசியை இங்கே கொண்டுவர எத்தனையோ தடவை முயன்றுவிட்டேன். 'ஆம்பூர் பிரியாணி' என்று போர்டு வைத்த கடைகளிலும் சாப்பிட்டுப் பார்த்தேன். வீட்டில் குக்கரில் வைத்தால் தக்காளி சாதத்தில் கறி போட்ட மாதிரி ஆகிறது. தேடிப் பிடித்து வாங்கிய சீரக சம்பாவும் குழைந்துவிட்டது.

அடுத்த மாதம் அம்மாவை சி.எம்.சி.யில் காட்டுவதற்காக நான்கு நாள் வேலூரில் இருப்பேன். ஆம்பூர் பிரியாணி, ஆற்காடு மக்கன் பேடா, இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய். இந்த மூன்றும்தான் என் பட்டியல். எந்தக் கடைக்குப் போகலாம், சொல்லுங்கள்.

ம., புனே

*

அன்புள்ள ம.,

அம்மாவுக்கு எல்லாம் நல்லபடியாக முடியட்டும்.

நீங்கள் குடியாத்தத்தில் இருந்தபோது எப்படியோ, இப்போது உங்கள் பட்டியல் மூன்று மாவட்டத்தில் இருக்கிறது. 2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததில் ஆம்பூர் திருப்பத்தூருக்குப் போய்விட்டது, ஆற்காடு ராணிப்பேட்டைக்குப் போய்விட்டது, கத்தரிக்காய் மட்டும் வேலூரோடு தங்கிவிட்டது. எனக்கு இன்னும் எல்லாம் வட ஆற்காடுதான்.

கடைப் பெயர் சொல்வதற்கு முன் உங்கள் கடிதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதை நான் இரண்டு தடவை படித்தேன். நீங்கள் சின்ன வயதில் ஆம்பூர் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டதாக எங்கேயும் எழுதவில்லை. சாப்பிட்டதெல்லாம் பொட்டலம். கடையில் தட்டில் விழும் பிரியாணியும் பொட்டலத்தில் வந்த பிரியாணியும் ஒன்றல்ல. சூடான சோற்றை இலையில் வைத்து இறுக்கி மடித்தால் அந்த ஆவியிலேயே இலை வதங்கி, அதன் வாசனை சோற்றில் இறங்கும். ஆம்பூரிலிருந்து பஸ் பிடித்து அப்பா வீடு வந்து சேர்வதற்குள் அது நன்றாக ஊறியிருக்கும். கூடவே கட்டிக் கொடுத்த கத்தரிக்காயின் புளிப்பும் எண்ணெயும் ஓரமாகக் கசிந்து கொஞ்சம் சோறு சிவந்திருக்கும். அந்த ஓரத்துச் சோற்றுக்கு வீட்டில் சண்டை நடந்திருக்குமே? எங்கள் வீட்டில் நடந்தது. நீங்கள் இத்தனை வருடமாகத் தேடுவது இதைத்தான் என்று நினைக்கிறேன். எந்தக் கடைத் தட்டிலும் இது கிடைக்காது. உங்கள் சமையலறையில் கிடைக்கும்.

அதற்கு முதலில் பிரியாணி சரியாக வர வேண்டும். குக்கரை மறந்துவிடுங்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் அரிசியைக் கறியோடு சேர்த்து வேகவிடுவதில்லை. தனியாக முக்கால் பதம் வேகவைத்து, வடித்து, கறி மசாலாவில் கொட்டித் தம் போடுவார்கள். திண்டுக்கல் வகையில் கறி வெந்த சாற்றிலேயே அரிசி வேகும். குக்கரும் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறது. அதனால்தான் உங்களுக்கு வேறு ஏதோ ஒன்றாக வருகிறது.

அடுத்தது மிளகாய். தூள் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன், கடிதத்தில் சொல்லவில்லை. இங்கே காய்ந்த மிளகாயை விதை உதறி, வெந்நீரில் ஊறவைத்து, விழுதாக அரைத்துப் போடுவார்கள். நிறம் அதிலிருந்து வருகிறது, தக்காளியிலிருந்து அல்ல. காரமும் தொண்டையில் பிடிக்காது. மசாலா சாமான் அதிகம் வேண்டாம். பட்டை, கிராம்பு, ஏலக்காய் போதும். இஞ்சியும் பூண்டும் தாராளமாக இருக்கட்டும், தயிர், புதினா, கொத்தமல்லி அளவாக இருக்கட்டும். அரிசி ஒரு கிலோ என்றால் கறியும் ஒரு கிலோ. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இப்போது அரிசி. உங்களுக்குக் குழைந்தது புது அரிசியாக இருக்கும். சீரக சம்பா ஒரு வருடமாவது பழையதாக இருந்தால்தான் நிற்கும். வேலூரில் லாங் பஜார், மண்டித் தெரு பக்கம் அரிசிக் கடையில் 'பழசு கொடுங்க, பிரியாணிக்கு' என்று கேட்டு வாங்குங்கள். ஒரு பிடி கையில் எடுத்துப் பாருங்கள். பழைய அரிசி லேசாகப் பழுப்பேறியிருக்கும், கையில் மாவு ஒட்டாது. அரை மணி நேரத்துக்கு மேல் ஊறவைக்க வேண்டாம். உப்பு தூக்கலாகப் போட்ட தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது அரிசியைப் போட்டுவிட்டு அடுப்பை விட்டு நகராதீர்கள். சின்ன மணி, சட்டென்று வெந்துவிடும். ஒரு மணியை எடுத்து நசுக்கினால் மேலே மசிந்து நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளை தெரிய வேண்டும். அந்த நொடியில் வடித்துவிடுங்கள். மூடி மேல் கங்கு போட வீட்டில் வசதி இருக்காது. அடியில் கனமான தோசைக்கல், மேலே கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரம் வைத்து, சிறு தீயில் இருபது நிமிடம்.

இதைக் கண்ணால் பார்க்கத்தான் நீங்கள் ஆம்பூர் போக வேண்டும். வேலூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர், பெங்களூர் ரோட்டில் நேர் வழி. ஸ்டார் பிரியாணி பெயரை எல்லோரும் சொல்வார்கள், அங்கே சாப்பிடுவதில் தப்பே இல்லை. ஆனால் கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கு, வாசலிலேயே விறகடுப்பு வைத்திருக்கும் சின்னக் கடைதான் சரி. பதினோரு மணிவாக்கில் போய் நில்லுங்கள். தம் உடைப்பதைப் பாருங்கள். மூடி மேல் இருக்கும் கங்கை ஒதுக்கி, ஓரத்தில் லேசாகத் தூக்கி முதல் ஆவியை வெளியே விடுவார் மாஸ்டர். கரண்டி போட மாட்டார். ஒரு சின்னத் தட்டை தேக்சாவின், அதாவது அந்தப் பெரிய பிரியாணிப் பாத்திரத்தின், ஓரமாகச் செருகி, அடிவரை இறக்கி, அப்படியே புரட்டி எடுப்பார். அடியில் இருக்கும் கறி மேலே வரும், மேலே இருக்கும் வெள்ளைச் சோறு கீழே போகும், ஒரு மணி உடையாது. வாணியம்பாடியில் ஒரு கல்யாண வீட்டில் பிரியாணி சமைக்கும் பண்டாரியின் பக்கத்தில் நின்று இதைப் பார்த்த பிறகுதான் நான் வீட்டில் பிரியாணிக்குக் கரண்டி போடுவதை நிறுத்தினேன்.

பிரியாணி ஆனதும், அதை உடனே பரிமாறாதீர்கள். வாழை இலையைத் தணலில் லேசாக வாட்டி, சோற்றை வைத்து, ஓரத்தில் கத்தரிக்காயையும் வைத்து மடித்து, பேப்பரில் இறுக்கிக் கட்டி ஒரு மணி நேரம் வையுங்கள். அப்புறம் பிரித்துப் பாருங்கள்.

சரி, கத்தரிக்காய். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அணைக்கட்டு வட்டாரத்தில் விளைகிறது. பெயர் கேட்டால் மட்டும் போதாது, காம்பைப் பாருங்கள். காம்பிலும் அதன் குல்லாயிலும் நிஜமாகவே முள் இருக்கும், அசட்டையாக எடுத்தால் விரலில் ஏறும். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் 'இலவம்பாடிக் காய்' என்று கேளுங்கள். எண்ணெயில் வதக்கிப் புளியில் போட்டால் சதை வெண்ணெய் மாதிரி ஆகிவிடும், தோல் மட்டும் பிடிமானமாக நிற்கும். கறியின் கொழுப்புக்கு அந்தப் புளிப்பு எவ்வளவு தேவை என்பது அதோடு சாப்பிட்டால்தான் தெரியும்.

மக்கன் பேடாவுக்கு ஆற்காட்டுக்கே போங்கள். மக்கன் என்றால் உருதுவில் வெண்ணெய். நவாபுகளின் தலைநகராக இருந்த ஊர், அந்தப் பேச்சு இனிப்பின் பெயரில் மிச்சம் இருக்கிறது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் மக்கன் பேடா என்று சொல்லி எனக்குப் பழைய குலாப் ஜாமூன் கொடுத்தார்கள். அதனால் ஒன்று வாங்கிப் பிட்டுப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்குங்கள். தட்டையாக இருக்க வேண்டும், உள்ளே முந்திரி, பாதாம் வைத்திருக்க வேண்டும், விரல் பட்டதும் பிரிய வேண்டும். கோவா சேர்ந்தது, ஊருக்குக் கிளம்பும் நாளில் வாங்கினால் போதும்.

நீங்கள் கேட்காத ஓர் இடத்துக்கும் போகச் சொல்வேன். அம்மாவோடு ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தால், எதிரே காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் நடந்து பாருங்கள். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய ஆஸ்பத்திரிக்கு இன்று வங்காளம், அஸ்ஸாம், ஜார்க்கண்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். வைத்தியத்துக்காக வாரக்கணக்கில் தங்குபவர்களுக்கு அடுப்போடு ரூம் வாடகைக்கு விடும் லாட்ஜ்கள் அங்கே உண்டு. ஒரு நாள் காய்கறி வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். வங்காளத்துப் பெண் ஒருவர், கழுத்தில் ஆஸ்பத்திரி கார்டு தொங்க, நம் ஊரில் யாரும் சமைக்காத 'பொட்டல்' என்கிற காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கோவைக்காயின் பெரிய அண்ணன் மாதிரி இருக்கும் காய். ஒவ்வொன்றையும் கட்டை விரலால் அழுத்தி, முற்றியதைத் தள்ளி, நான்கு மட்டும் எடுத்தார். வண்டிக்காரர் நம் ஊர்க்காரர்தான், வங்காளத்திலேயே விலை சொன்னார். அடுத்த கடையில் கடுகு எண்ணெய் வாங்கிக்கொண்டு அந்தப் பெண் லாட்ஜ் படியேறினார். மேலே யாருக்கோ வாய் கசந்திருக்கும், வீட்டுச் சாப்பாடு கேட்டிருப்பார்கள்.

புனேயில் சீரக சம்பா தேடி அலைந்த உங்களுக்கு அந்தப் பெண்ணை உடனே அடையாளம் தெரியும். அங்கே இருக்கும் வங்காள மெஸ் ஒன்றில் கடுகு அரைத்த மீன் குழம்பும் சோறும் சாப்பிடுங்கள். அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலாவது நாள் காலையில் ஆற்காடு போய்த் திரும்பி, கடைசியாக மார்க்கெட். துணிப்பை எடுத்துப் போங்கள். அந்தக் கத்தரிக்காய் முள் கேரி பேக்கைக் கிழித்துவிடும்.