ஒரே காட்சியை இருபது தடவை பார்க்கிற மகள்

அம்மா, நீங்கள் வெளியே காத்திருந்த நேரத்தில் உங்கள் மகளின் நோட்டைப் புரட்டினேன். அவள் படிக்காமல் படம் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நீங்கள் சொன்னது உண்மைதான். தேர்வு நெருங்குகிற நேரத்தில் ஒரு படத்தின் ஒரே காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறாள். ஆனால் சும்மா பொழுதுபோக்குக்குப் படம் பார்க்கிறவர்கள் ஷாட்டுக்கு ஷாட் வினாடி குறித்து வைப்பதில்லை.

படம், 1975-இல் ஸ்பீல்பெர்க் இயக்கிய ‘ஜாஸ்’. அதில் வரும் கடற்கரைக் காட்சி. கடலில் சுறா இருப்பது நமக்குத் தெரியும். கரையில் உட்கார்ந்திருக்கும் போலீஸ் அதிகாரி பிராடிக்கும் அந்தப் பயம் உண்டு. குளிக்கிற கூட்டத்துக்கு மட்டும் எதுவும் தெரியாது. த்ரில்லரில் பதற்றம் பிறப்பதே இந்த இடைவெளியில்தான். ஆட்கள் கேமராவுக்குக் குறுக்கே நடக்கிறார்கள். ஒருவர் மறைத்து விலகும்போது பிராடியின் முகம் முன்பைவிடக் கிட்டே வந்திருக்கிறது. கட் பண்ணியதே கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரில் கறுப்பாக ஏதோ நகர்கிறது. பார்த்தால் ஒரு பெரியவரின் குளியல் தொப்பி. ஒரு பெண் அலறுகிறாள்; அவள் காதலன்தான் தூக்கி விளையாடுகிறான். இப்படி நம்மை ஏமாற்றிவிட்டு, நாயைக் காணாமல் ஒருவன் கூப்பிடுகிறான். அது கவ்விக்கொண்டு வர வேண்டிய குச்சி மட்டும் மிதக்கிறது. அதன் பிறகே ஜான் வில்லியம்ஸின் இசை ஆரம்பிக்கிறது.

நோட்டில் ஓரிடத்தில் “இவ்வளவு நேரம் ஏன் மியூசிக் இல்லை?” என்று எழுதியிருக்கிறாள். நான்கு பக்கம் தள்ளி அவளே பதிலும் எழுதியிருக்கிறாள்: படத்தில் பிறகு இரண்டு சிறுவர்கள் அட்டையில் செய்த சுறாத் துடுப்பை வைத்துக்கொண்டு ஊரை மிரட்டும்போதும் இசை கிடையாது. அதனால் இசை வந்தால்தான் சுறா வரும் என்று நாம் பழகிவிடுகிறோம். அப்புறம் படகில் ஒரு நாள் இசையே இல்லாமல் சுறா தலைதூக்குகிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் இதைக் கண்டுபிடித்த பிள்ளையை நான் அடிக்கடி பார்ப்பதில்லை.

சினிமா என்றதும் நீங்கள் நடிப்பையும் இயக்கத்தையும் நினைத்துப் பயப்படுகிறீர்கள். அந்தப் படத்துக்குக் கிடைத்த ஆஸ்கர் மூன்று. ஒன்று எடிட்டர் வெர்னா ஃபீல்ட்ஸுக்கு, மற்ற இரண்டும் இசைக்கும் ஒலிக்கும். உங்கள் மகள் குறித்து வைத்திருப்பதும் இந்த மூன்று வேலைகளைத்தான். எடிட்டிங், சவுண்ட் டிசைன் எனும் ஒலி அமைப்பு இரண்டும் தனித் தொழில்கள். விளம்பரம், ஆவணப்படம், வீடியோ கேம் என்று அவற்றுக்கு வேலை பல இடங்களில் இருக்கிறது. ஆனால் ஆரம்பத்தில் உதவியாளராகச் சில வருடங்கள் ஓட்ட வேண்டியிருக்கும், வருமானமும் மாதாமாதம் ஒரே மாதிரி வராது. இதை அவளிடமும் சொல்லிவிட்டேன்.

கவனிக்கத் தெரிவது வேறு, செய்யத் தெரிவது வேறு. அதனால் இப்போதே எதையும் முடிவு செய்ய வேண்டாம். முதலில் தேர்வை எழுதட்டும், மதிப்பெண்ணும் தேவைதான். முடிந்ததும் போனிலேயே ஒரு சின்னக் காட்சி எடுக்கச் சொல்லுங்கள்: ஒருவர் இருட்டறையில் சாவி தேடுகிறார், கதவுக்குப் பின்னால் இன்னொருவர் நிற்கிறார். முதலில், மறைந்திருப்பவர் கடைசியில்தான் தெரிகிற மாதிரி வெட்டட்டும். அடுத்து, அவரை நாம் முதலிலேயே பார்த்துவிடுகிற மாதிரி. ஒரு காலடிச் சத்தம் சரியாக வர அரைநாள் சலிக்காமல் உட்காருகிறாளா என்று மட்டும் பாருங்கள். உட்கார்ந்தால், படிப்பைப் பற்றி நாம் மறுபடி பேசலாம். அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திரைப்படக் கல்லூரி நுழைவுத் தேர்வுகளில் ஒரு காட்சியைப் போட்டுக் காட்டி, அதை அலசி எழுதச் சொல்வதுண்டு.

இன்னொன்று. ஒருநாள் அவளோடு உட்கார்ந்து அந்தக் காட்சியைப் பாருங்கள். குச்சி மட்டும் மிதக்கிற இடம் வரும்போது அவள் திரையைப் பார்க்க மாட்டாள், உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.