இரண்டு பையோடு பாங்காக்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கல்யாணமாகி ஏழு மாதம் ஆகிறது. ஜனவரியில் நானும் கணவரும் பேக்கேஜ் டூர் எதுவும் இல்லாமல், ஆளுக்கொரு முதுகுப் பையோடு ஐந்து நாள் பாங்காக் சுற்றப் போகிறோம். ஊட்டிக்குப் போனபோதே வழி கேட்பதிலும் ஆட்டோ வாடகையிலும் எங்களுக்குள் சண்டை. அவ்வளவு நெரிசலான ஊரில் எப்படிச் சமாளிப்பது, எங்கே தங்குவது? (வாசகி, திருப்பூர்)

பதில்: பாங்காக்கில் நானும் என் கணவரும் போட்ட பெரிய சண்டை டாக்ஸிக்குள்தான் நடந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு சுகும்வித் சாலையில் ஏறினோம், முதுகுப் பைப் பயணிகள் கூடும் காவ் சான் தெருவுக்கு. ஒன்றரை மணி நேரம் ஆனது. வண்டி நகரவில்லை, மீட்டர் மட்டும் ஓடுகிறது, 'ரயிலில் போயிருக்கலாம்' என்று அவர் ஆரம்பிக்க, காவ் சான் பக்கம் ஸ்கைட்ரெயினே (மேம்பால ரயில்) வராது என்று நான் பதில் சொல்ல, இறங்கும்போது இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அதனால் நான் முதலில் சொல்வது, சாயங்கால நேரத்தில் அந்த ஊர் ரோட்டில் ஏறாதீர்கள். தண்ணீர் வழியாகப் போங்கள்.

சேன் சேப் என்று ஒரு வாய்க்கால் நகரத்தின் நடுவே ஓடுகிறது. 1990-லிருந்து அதில் பயணிகள் படகு ஓடுகிறது, டிக்கெட் சுமார் 20 பாட்தான் (பாட் என்பது தாய்லாந்துப் பணம்). மறுநாள் அதே தூரத்தை, பிரதுநாமில் ஒரு தடவை படகு மாறியும், முக்கால் மணிக்குள் கடந்துவிட்டோம். படகு துறையில் சில நொடிதான் நிற்கும், சட்டென்று கால் வைத்து ஏற வேண்டும், அதனால் பையை முதுகிலிருந்து கழற்றி முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் உங்களுக்கு ஒரு வேலை உண்டு: எதிர்ப் படகு வரும்போது பக்கத்தில் தொங்கும் கயிற்றை இழுத்தால் பிளாஸ்டிக் படுதா மேலே ஏறும், அந்த அழுக்குத் தண்ணீர் உள்ளே இருப்பவர்கள் மேல் தெறிக்காது. டிக்கெட் கொடுப்பவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு படகின் விளிம்பில் நடந்தே வருவார், ஏனென்றால் பாலங்கள் அவ்வளவு தாழ்வு. என் கணவர் கயிற்றை இழுக்க, நான் சில்லறை நீட்ட, முந்தின நாள் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கினாலும் இதே கதைதான். ஏர்போர்ட் ரயிலில் பயா தாய் வரை அரை மணி நேரம், 45 பாட். அங்கிருந்து ஸ்கைட்ரெயினில் ஒரே ஸ்டேஷன், ராட்சதேவி. பக்கத்தில் ஹுவா சாங் படகுத்துறை. பான்ஃபா பக்கம் போகும் படகில் ஏறி, கடைசித் துறையில் இறங்கி நடந்தால் காவ் சான். இரவில் படகு கிடையாது, அதனால் விமானம் பகலில் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடுங்கள்.

காவ் சான் தெருவிலேயே அறை எடுக்காதீர்கள், நள்ளிரவு தாண்டியும் பாட்டுச் சத்தம் அடங்காது. கொஞ்சம் தள்ளி, பாங்லம்பூ வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சாம்சென் சாலையின் சந்துகளில் பாருங்கள். ஹாஸ்டலில் ஆளுக்கொரு கட்டிலாக எடுத்தால் மிச்சம் என்று தோன்றும். இரண்டு கட்டில் வாடகையைக் கூட்டிப் பார்த்தால் பல சமயம் ஒரு சின்ன தனி அறையின் வாடகை வந்துவிடும். புதுசாகக் கல்யாணமானவர்கள், கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை வேண்டாமா?

பை ஏழு கிலோ தாண்ட வேண்டாம். வாடகைச் சண்டைக்கு மருந்து பொதுப் பர்ஸ்: காலையில் இருவரும் ஒரே தொகை போடுங்கள், ஒரு நாள் அவர் கையில், மறுநாள் உங்கள் கையில், யார் கையில் இருக்கிறதோ அவர் பேரம் பேசுவதை மற்றவர் கேள்வி கேட்கக் கூடாது. அப்புறம், ஒரு மத்தியானம் தனித்தனியாகச் சுற்றுங்கள். தயங்காமல் செய்யுங்கள். பிரா அதிட் துறை அருகே 1783-இல் கட்டிய பிரா சுமென் என்ற வெள்ளைக் கோட்டை இருக்கிறது, ஆற்றங்கரைப் பூங்காவோடு. ஐந்தரைக்கு அங்கே சந்திப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவரவர் பார்த்ததைச் சொல்ல விஷயம் இருக்கும்.

ஊரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் போகும் மன்னர் அரண்மனையின் வாசல் பக்கம் யாராவது நல்லவிதமாகப் பேசி 'இன்றைக்கு மூடியிருக்கிறது, 20 பாட் கொடுத்தால் டுக்டுக்கில் (அந்த ஊர் ஆட்டோ) வேறு கோயில் காட்டுகிறேன்' என்றால், நிற்காமல் நடங்கள். அந்த டுக்டுக் போய் நிற்பது ரத்தினக் கல் கடையில். அரண்மனைக்குள் போக, தோளும் முழங்காலும் மூடிய உடை இருவருக்கும் வேண்டும்.

கேள்வி: நாங்கள் இருவரும் சுத்த சைவம். பாங்காக்கில் பட்டினிதானா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: இல்லை. மஞ்சள் பின்னணியில் சிவப்பாக, பார்க்க 17 என்ற எண் மாதிரி ஓர் எழுத்து தெரிந்தால் அங்கே சாப்பிடலாம். அதை 'ஜே' என்று படிப்பார்கள். இறைச்சி, மீன், முட்டை எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள். 'வெஜிடேரியன்' என்று சொன்னால் சில கடைகளில் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள், 'கின் ஜே' என்றே சொல்லுங்கள்.

கேள்வி: பாங்காக் என்றாலே அம்மா முகம் சுளிக்கிறார். கணவரோடு போனாலும் வேண்டாமாம். என்ன சொல்லிச் சமாளிப்பது? (வாசகி, மதுரை)

பதில்: அம்மா மார்கழியில் பாவை பாடுகிறவரா? அப்படியென்றால் வாட் சுதாட் கோயில் எதிரே நிற்கும் சிவப்பு நிறத் தேக்கு ஊஞ்சலைப் பற்றிச் சொல்லுங்கள். அந்த ஊஞ்சல் திருவிழாவுக்குத் தாய்லாந்தில் 'திரியம்பவாய் திரிபவாய்' என்று பெயர், நம் திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் அது. ஊஞ்சல் ஆடுவது 1935-இல் நின்றது, மர அமைப்பு இன்றும் கம்பீரமாக நிற்கிறது. சீலோம் சாலையில் தமிழர்கள் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய மாரியம்மன் கோயிலும் இருக்கிறது, தாய்லாந்து மக்கள் பூவும் தேங்காயுமாக வந்து கும்பிடுகிறார்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. வெளியே வந்து கோபுரம் தெரிய நின்று அம்மாவுக்கு வீடியோ கால் போடுங்கள்.