அப்பாவின் உயில்: புரோபேட்டுக்கு சொலிசிட்டர் வைக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். லண்டனில் இருந்து எழுதுகிறேன். அப்பா இரண்டு மாதத்துக்கு முன் காலமானார். அம்மா ஆறு வருடத்துக்கு முன்பே போய்விட்டார். அவருடையது எல்லாம் அப்பாவுக்கே வந்தது. அப்பாவின் உயிலில் நானும் தம்பியும் எக்ஸிகியூட்டர்கள் (உயிலை நிறைவேற்றுபவர்கள்), சொத்து இருவருக்கும் சரிபாதி. அப்பா பெயரில் உள்ள வீடு 530,000 பவுண்ட் பெறும். இரண்டு வங்கிகளில் 65,000 இருக்கிறது. ஊரில் ஒரு காணி, இங்கத்தைய கணக்கில் 25,000 வரும். கடன் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் தம்பி வீடு வாங்க அப்பா 60,000 கொடுத்தார். புரோபேட் (உயிலை நிறைவேற்ற நீதிமன்ற அனுமதி) வேலை முழுவதற்கும் ஒரு சொலிசிட்டர், வீடும் வங்கிக் காசும் சேர்ந்த மதிப்பில் 2 சதவீதம், அதற்கு மேல் வாட் என்று கேட்கிறார். "தலையிடி வேண்டாம், கொடுத்துவிடுவோம்" என்கிறான் தம்பி. "படிவம் நிரப்பவா இவ்வளவு காசு?" என்கிறார் என் கணவர். நான் என்ன செய்ய? இன்னொன்று, உயிலை ஸ்கேன் பண்ணும்போது அதில் இருந்த ஸ்டேப்ளர் ஊசியைக் கழற்றிவிட்டேன். அது பிழையா?

பதில்: அப்பாவை இழந்த துயரத்தோடு இந்த வேலையையும் சுமக்கிறீர்கள். என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

முதலில் அந்த ஊசி. கழற்றியது குற்றமில்லை. ஆனால் புதிதாக ஊசி அடிக்காதீர்கள், கிளிப்பும் போடாதீர்கள். அசல் உயிலைத்தான் புரோபேட் ரெஜிஸ்ட்ரிக்கு அனுப்ப வேண்டும். மூலையில் இரண்டு துளைகளோ கிளிப் அழுத்திய தடமோ இருந்தால், இதோடு வேறொரு தாள் இருந்து யாரோ எடுத்துவிட்டார்களோ என்ற கேள்வி அங்கே எழும். யார், எப்போது, எதற்காகக் கழற்றினீர்கள் என்பதையும், வேறு தாள் எதுவும் இணைந்திருக்கவில்லை என்பதையும் இன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். நினைவு பசுமையாக இருக்கும்போது எழுதுவது நல்லது. உயிலை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுவிடுங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். 595,000 பவுண்டில் 2 சதவீதம் 11,900. அதன் மேல் வாட் 2,380. ஆக 14,280. இது உங்கள் கைக்காசு அல்ல, அப்பாவின் சொத்தில் இருந்து போகும். அதில் பாதி தம்பியுடையது என்பதால் முடிவும் இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டியது. நீதிமன்றக் கட்டணம் 2024 மே மாதத்தில் 300 பவுண்ட் ஆனது. விண்ணப்பிக்கும் நாளில் அரசு இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் போட்டாலும் சொலிசிட்டர் போட்டாலும் அது ஒன்றுதான்.

உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விண்ணப்பப் படிவம் கஷ்டமானது இல்லை. சொலிசிட்டர் வாங்கும் காசு பெரும்பாலும் பொறுப்புக்கான காசு. எக்ஸிகியூட்டர் தவறு செய்து யாருக்காவது நட்டம் வந்தால் சொந்தப் பணத்தில் ஈடுசெய்ய வேண்டி வரலாம். சொலிசிட்டரின் கவனக்குறைவால் நட்டம் வந்தால் அவரிடம் கேட்கலாம், அவருக்குக் காப்புறுதி இருக்கிறது. ஆகவே உங்கள் விஷயத்தில் ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்றுதான் நான் தேடினேன். அது தம்பிக்குக் கொடுத்த அந்த 60,000 பவுண்டில் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். இன்ஹெரிட்டன்ஸ் டாக்ஸ் (வாரிசுரிமை வரி) இல்லாத தொகை ஒருவருக்கு 325,000 பவுண்ட். 2009இல் இருந்து இது மாறவில்லை. அம்மாவின் சொத்து முழுதும் கணவருக்கே போனதால் அவருடைய 325,000 தொடப்படாமல் இருக்கிறது. அதை அப்பாவின் கணக்கில் சேர்க்கலாம். ஆக 650,000. வீடு, வங்கிக் காசு, காணி மூன்றும் 620,000. காணியை ஏன் சேர்க்கிறேன் என்று கேட்பீர்கள். 2025 ஏப்ரலில் இருந்து, கடந்த 20 வரி வருடங்களில் 10 வருடமாவது இங்கே வசித்தவர் என்றால் வெளிநாட்டுச் சொத்தும் கணக்கில் வரும். அப்பா அப்படி வாழ்ந்தவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். இதோடு நின்றிருந்தால் வரித் துறையான எச்எம்ஆர்சிக்குப் பெரிய படிவம் எதுவும் அனுப்பாமல் ஆன்லைனில் நீங்களே விண்ணப்பித்திருக்கலாம். சொலிசிட்டர் வேண்டாம் என்று ஒரே வரியில் எழுதியிருப்பேன்.

ஆனால் இறப்புக்கு முந்திய ஏழு வருடத்துக்குள் கொடுத்த பணமும் கணக்கில் ஏறும். வருடத்துக்கு 3,000 பவுண்ட் விலக்கு உண்டு. அதற்கு முந்திய வருடத்து விலக்கும் பயன்படாமல் இருந்தால் 6,000 கழியும். மீதி 54,000. மொத்தம் 674,000. எல்லையை 24,000 தாண்டிவிட்டது.

பயப்படாதீர்கள். வீடு பிள்ளைகளுக்குப் போவதால் இன்னொரு சலுகை உண்டு. அப்பாவுக்கு 175,000, அம்மா பயன்படுத்தாத 175,000. எல்லாம் சேர்ந்தால் எல்லை 10 லட்சம் பவுண்டுக்குப் போய்விடும், வரி ஒரு சதமும் வராது. ஆனால் அது தானாகக் கிடைக்காது, கேட்டு வாங்க வேண்டும். அதற்கு ஐஎச்டி400 என்ற முழுப் படிவமும், கூடவே அம்மாவின் பங்குக்கு 402, கொடுத்த பணத்துக்கு 403, வெளிநாட்டுக் காணிக்கு 417, வீட்டுச் சலுகைக்கு 435, அதில் அம்மாவின் பாதிக்கு 436 என்று துணைப் படிவங்களும் வேண்டும். இதைக் கேட்காமல் விட்டால் அந்த 24,000 மேல் 40 சதவீதம், ஏறக்குறைய 9,600 பவுண்ட், வீணாக வரியாகப் போகும். அம்மாவின் பங்குகளைக் கேட்க, அப்பா இறந்த மாத முடிவில் இருந்து இரண்டு வருடம் இருக்கிறது. ஐஎச்டி400 படிவத்தை 12 மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். எச்எம்ஆர்சி அதைப் பார்த்துவிட்டு ஒரு குறியீட்டு எண் அனுப்பும். அது கைக்கு வந்த பிறகே புரோபேட்டுக்கு விண்ணப்பியுங்கள்.

ஆகவே என் முடிவு இது: 2 சதவீதத்துக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். ஐஎச்டி400 தயாரித்து கிராண்ட் (புரோபேட் அனுமதிப் பத்திரம்) எடுத்துத் தருவதை மட்டும் ஒரு நிலையான கட்டணத்தில் சொலிசிட்டரிடம் கொடுங்கள். மீதியை நீங்களும் தம்பியும் பாருங்கள். இரண்டு வங்கிக் கணக்கை மூடும் வேலை 6,500 பவுண்ட் இருந்தாலும் 65,000 இருந்தாலும் அதே வேலைதான். லண்டன் வீட்டு விலை ஏறியதற்காக யாருக்கும் கூடுதல் கூலி கொடுக்க வேண்டியதில்லை. எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியதில் அவசரப்படக் கூடாத கட்டம் ஒன்றே ஒன்று, பங்கு பிரிப்பது. என்னிடம் வந்த ஒரு குடும்பம், கிராண்ட் வந்த மாதமே காசைப் பிரித்துக்கொண்டது. பிறகு அரசின் ஓய்வூதியத் துறையில் இருந்து கடிதம் வந்தது: அம்மாவுக்குப் பல வருடம் கூடுதலாக உதவித்தொகை போய்விட்டது, திருப்பித் தர வேண்டும் என்று. தம்பியர் செலவழித்துவிட்டார்கள். எக்ஸிகியூட்டரான மூத்த அக்கா தன் சேமிப்பில் இருந்து கட்டினார். அந்த அக்கா என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கடிதத்தை மடித்து மடித்து விரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அரசு அறிவித்தல் இதழான லண்டன் கெஸட்டிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் கடன் கொடுத்தவர்களுக்கு அறிவித்தல் கொடுத்து, குறைந்தது இரண்டு மாதம் பொறுத்துப் பிரித்தால், தெரியாத கடனில் இருந்து உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. உயிலை எதிர்த்துப் பங்கு கேட்க யாராவது இருந்தால், கிராண்ட் கிடைத்ததில் இருந்து ஆறு மாதம் பொறுங்கள். ஒரு வருடத்துக்குள் பிரிக்கச் சொல்லி எக்ஸிகியூட்டரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

முழு வேலையையும் சொலிசிட்டரிடம் கொடுங்கள் என்று நான் சொல்லியிருக்கக்கூடிய நிலைகளும் உண்டு. உயில் வீட்டில் எழுதியது, சாட்சி இருவரில் ஒருவர் பங்கு பெறுபவரோ அவருடைய மனைவியோ கணவரோ என்றால், அந்தப் பங்கே செல்லாமல் போகலாம். கடன் சொத்தை விட அதிகம் என்றாலும், தொழில் நடத்தியவர் என்றாலும், அக்கா தம்பிக்குள் பேச்சே இல்லை என்றாலும் அப்படித்தான். உங்கள் உயிலின் கடைசிப் பக்கத்தில் சாட்சிகளின் பெயரை இப்போதே பாருங்கள்.

தம்பி விஷயத்தில் ஒரு வார்த்தை. அந்த 60,000 வரிக் கணக்குக்கு வருகிறது. உயிலில் சொல்லாவிட்டால் அதை அவருடைய பாதியில் நீங்களாகவே கழித்துவிடாதீர்கள், சொலிசிட்டரிடம் கேளுங்கள். இதைப் படிவம் நிரப்பும் முன்பே இருவரும் உட்கார்ந்து கதைத்துவிடுங்கள். மனத்தாங்கல் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. தம்பிக்கு வேலைப்பளு என்றால், அவர் உரிமையை ஒதுக்கி வைத்துக்கொண்டு உங்களை மட்டும் விண்ணப்பிக்க விடலாம், பிறகு வேண்டுமானால் சேரலாம்.

காணியைப் பற்றி: இங்கே எடுக்கும் கிராண்டால் அது தானாக உங்கள் பெயருக்கு மாறாது. நிலம் இருக்கும் நாட்டின் சட்டமே அதற்கு. யாழ்ப்பாணத்துக் காணி என்றால் அங்கத்தைய தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையும் குறுக்கிடலாம். அங்கத்தைய வழக்கறிஞர் ஒருவரைத் தனியாகப் பாருங்கள்.

அப்புறம், இரண்டு மூன்று நிறுவனங்களிடம் விலை கேளுங்கள். சொலிசிட்டர் நிறுவனங்கள் புரோபேட் கட்டணத்தைத் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்பது 2018 டிசம்பரில் இருந்து விதி. "வாட் சேர்த்தா? என் கோப்பை நேரில் யார் பார்ப்பார்? எது நடந்தால் இந்தத் தொகை கூடும்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அதாரிட்டியின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். குறை வந்து, நிறுவனம் தீர்க்காவிட்டால் சட்டச் சேவை முறைப்பாடுகளை விசாரிக்கும் லீகல் ஒம்பட்ஸ்மனிடம் போகலாம்.

நாளைக் காலை முதல் வேலையாக வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுங்கள். ஆளில்லாத வீட்டுக்குச் சில வாரங்களுக்குப் பிறகு பாதுகாப்பைக் குறைக்கும் நிபந்தனை பல காப்புறுதிகளில் இருக்கிறது. அப்பா போய் இரண்டு மாதம் ஆகிவிட்டது.