பணக்கார நாடும் பட்டர்வொர்த் பையனும்

கேள்வி: ஐயா, மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் உலகில் பெரும் பணக்காரர்கள் அதிகம் உள்ள நாடு எது? அமெரிக்கா என்கிறேன் நான். சிங்கப்பூர் என்கிறான் என் மகன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, பணக்காரர்கள் நிறைந்த ஊருக்குப் போனால்தான் நாமும் முன்னேற முடியும் என்று துடிக்கிறான். போகச் சொல்லலாமா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: அப்பா, மகன் இருவருமே தோற்றுவிட்டீர்கள். தலைக்கணக்குப் போட்டால் முதலிடம் மொனாக்கோவுக்கு. பிரான்சின் கடற்கரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த நாட்டின் பரப்பு சுமார் 2 சதுர கிலோமீட்டர். நம் பினாங்குத் தீவில் நூற்றில் ஒரு பங்கு கூடத் தேறாது. மக்கள்தொகை நாற்பதாயிரத்துக்குள். அவ்வளவு சிறிய ஊரில் இரண்டு மூன்று பில்லியனர்கள் இருந்தாலே போதும், வகுத்துப் பார்த்தால் உலகம் முழுவதும் பின்னால் நிற்கும். நாற்பதாயிரம் பேர் கொண்ட லீக்டன்ஸ்டைன், அதைவிடக் கொஞ்சமே பெரிதான செயின்ட் கிட்ஸ் எல்லாம் ஒரே ஒரு பில்லியனரை வைத்துக்கொண்டு இந்தப் பட்டியலின் உச்சியில் உட்கார்ந்த கதை இதுதான்.

குட்டி நாடுகளை ஒதுக்கிவிட்டுக் கேட்டால் ஹாங்காங். ஃபோர்ப்ஸ் இதழின் 2025ஆம் ஆண்டுப் பட்டியலில் 75 லட்சம் மக்களுக்கு 66 பில்லியனர்கள், அதாவது ஒரு லட்சத்துச் சொச்சம் பேருக்கு ஒருவர். நீங்கள் பந்தயம் கட்டிய அமெரிக்காவில் 902 பேர் இருக்கிறார்கள். தலைகளை மட்டும் எண்ணினால் அதுதான் முதலிடம். ஆனால் 34 கோடிப் பேருக்குப் பகிர்ந்தால் மூன்றே முக்கால் லட்சத்துக்கு ஒருவர். வரிக்கும் சமத்துவத்துக்கும் பேர்போன ஸ்வீடன் அமெரிக்காவை முந்துகிறது. அங்கே ஏறக்குறைய இரண்டரை லட்சத்துக்கு ஒருவர். நம்ப முடியவில்லையா? சம்பளத்தில் சமத்துவம் பார்க்கும் அந்த நாடு, வாரிசுரிமை வரியை 2004இலும் செல்வந்தரின் மொத்தச் சொத்துமீது போட்ட செல்வ வரியை 2007இலும் எடுத்துவிட்டது. (நாமும் அதில் சளைத்தவர்கள் அல்லர். மலேசியாவில் இறந்தவரின் சொத்துக்கான வரி 1991இலேயே போய்விட்டது.) 205 பில்லியனர்களைக் கொண்ட இந்தியாவில் எழுபது லட்சம் பேருக்கு ஒருவர்தான். மலேசியாவில் எல்லாரையும் சேர்த்தாலும் இருபது பேர் தேறமாட்டார்கள்.

பில்லியனை விட்டு மில்லியனுக்கு இறங்கினால் பட்டியல் மாறிவிடும். யூபிஎஸ் வங்கியின் 2025ஆம் ஆண்டு அறிக்கைப்படி சுவிட்சர்லாந்திலும் லக்சம்பர்க்கிலும் வயது வந்தவர்களில் ஏழில் ஒருவருக்கு மேல் டாலர் மில்லியனர். நம் காசில் ஏறத்தாழ நான்கு மில்லியன் வெள்ளி. இதில் குடியிருக்கும் வீட்டின் விலையும் சேரும் என்பதை மறக்க வேண்டாம். கோலாலம்பூரின் பங்சாரில் நாற்பது வருடங்களுக்கு முன் தரைவீடு வாங்கிப்போட்ட ஓய்வுபெற்ற ஆசிரியர், இட்லிக் கடையில் சில்லறை பார்த்துக் கொடுப்பவராக இருந்தாலும், கணக்கில் செல்வந்தராகிவிடுவார்.

சரி, எந்தப் பணக்காரரை எந்த நாட்டில் எழுதுவது? ஃபோர்ப்ஸ் பார்ப்பது குடியுரிமையை. ராபர்ட் குவோக் 1923இல் ஜோகூர் பாருவில் பிறந்தவர். முதல் ஷாங்ரிலா ஹோட்டலை 1971இல் திறந்தது சிங்கப்பூரில். பல பத்தாண்டுகளாகக் குடியிருப்பு ஹாங்காங்கில். பட்டியலில் அவர் மலேசியர். ஃபேஸ்புக்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான எடுவார்டோ சவெரின் 2011இல் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்தார், வசிப்பது சிங்கப்பூரில், பட்டியலில் பிரேசில்காரர். ஸ்வீடனின் ஐகியாவை நிறுவிய இங்வர் காம்ப்ராட் 1973இல் வரிக்குப் பயந்து கிளம்பியவர், சுவிட்சர்லாந்தில் நெடுங்காலம் வாழ்ந்து, 2014இல்தான் ஊர் திரும்பினார்.

இது ஒன்றும் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வித்தை இல்லை. பினாங்கு வீதியில் செட்டியார்களின் வட்டிக்கடைக் கிட்டங்கிகள் இருந்த காலத்தை உங்கள் தாத்தா பார்த்திருப்பார். பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு எழுதியவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். எல்லாரும் இரவில் அதே கூடத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள். முதலாளி எங்கே? செட்டிநாட்டில். பர்மாத் தேக்கில் தூண் நிறுத்திய வீட்டில். அந்தக் காலத்தில் யாராவது தலைக்கணக்கு எடுத்திருந்தால் பணக்காரர் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானிலும், சம்பாதித்த இடம் பினாங்கிலும் இருந்திருக்கும். அந்த வட்டியைக் கட்டிய தோட்டக்காரரும் சில்லறை வியாபாரியும் எந்தக் கணக்கிலும் இருந்திருக்கமாட்டார்கள்.

என் எரிச்சல் இந்த இடத்தில்தான். பணக்காரர் எத்தனை பேர் என்று தேடித் தேடி எண்ணுகிறவர்கள், அதை எதனால் வகுக்கிறோம் என்று பார்ப்பதில்லை. மொனாக்கோவில் குடியிருப்பவர்களைவிட வேலைக்கு வருகிறவர்கள் அதிகம். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் பிரான்சிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் காலையில் எல்லை தாண்டி வந்து, படுக்கை விரித்து, படகு துடைத்து, மாலையில் திரும்பிவிடுகிறார்கள். வாடகை கொடுத்து அங்கே தங்க அவர்களால் முடியாது. லீக்டன்ஸ்டைனில் வேலை பார்ப்போரில் பாதிக்கு மேல் எல்லை தாண்டி வருகிறவர்கள். லக்சம்பர்க்கிலும் பாதியை நெருங்குகிறது. இவர்கள் உழைப்பு நாட்டின் வருமானத்தில் ஏறும். இவர்கள் தலை மக்கள்தொகையில் ஏறாது. மேலே உள்ள எண் பெருக, கீழே உள்ள எண் சிறுக்க, ‘தலைக்கு இவ்வளவு’ என்ற விடை தானாகவே பளபளக்கும்.

உங்கள் மகன் சொல்லும் சிங்கப்பூருக்கும் இப்படி எல்லை தாண்டி உழைக்க வருகிறவர்கள் உண்டு. விடிவதற்கு முன்பே ஜோகூர்ப் பாலத்தில் மோட்டார் சைக்கிள்கள் மழையங்கியோடு நகரும் காட்சியைத் தொலைக்காட்சியிலாவது பார்த்திருப்பீர்கள். அங்கே போய் உழைத்துவிட்டு இரவில் ஸ்கூடாய்க்கோ மாசாய்க்கோ தூங்க வரும் அந்த மலேசியரை, சிங்கப்பூரின் பணக்காரர் பட்டியலில் தேடிப் பாருங்கள். கிடைக்கமாட்டார். தம்பி போனால் அந்த வரிசையில்தான் நிற்பார். அவர் போவதால் அங்கே பணக்காரர் எண்ணிக்கை கூடிவிடாது.

மொனாக்கோவில் பணக்காரர்கள் பணக்காரர்களாகவே வந்து இறங்குகிறார்கள். 1869இல் அந்த நாட்டு இளவரசர் வருமான வரியை நீக்கினார். சூதாட்ட விடுதி கொட்டிய பணம் கஜானாவுக்குப் போதுமானதாக இருந்தது. (உள்ளூர்க் குடிமக்கள் அந்த மேசையில் உட்காரக் கூடாது என்று சட்டம். இளவரசர்கள் முட்டாள்கள் அல்லர்.) அங்கே குடியிருப்போரில் நாட்டுக் குடிமக்கள் நாலில் ஒரு பங்கை ஒட்டித்தான். பணக்காரர் இருக்கும் இடத்துக்குப் போனால் பணம் ஒட்டிக்கொள்ளும் என்றால், அந்தப் படகைத் துடைப்பவரிடம் முதலில் ஒட்டியிருக்க வேண்டும்.

ஒரு நாட்டில் சாதாரண ஆள் எப்படி இருக்கிறார் என்று தெரிய வேண்டுமானால், எல்லாரையும் சொத்து வரிசைப்படி நிறுத்தி நட்டநடுவில் நிற்பவரைக் கூப்பிடுங்கள். அதே யூபிஎஸ் அறிக்கையில் வயது வந்த அமெரிக்கரின் சராசரிச் சொத்து ஆறு லட்சம் டாலருக்கு மேல். நடுவில் நிற்பவரிடம் இருப்பதோ ஒன்றேகால் லட்சத்தை ஒட்டி. இங்கும் இதே கதை, அளவு சிறிது. 2022இல் மலேசியக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 8,479 வெள்ளி. நடுக் குடும்பத்தின் வருமானம் 6,338 வெள்ளி. மேல்தட்டு இழுத்துவிட்ட வித்தியாசம் அது. பிரிக்பீல்ட்ஸில் பிறந்த ஆனந்தகிருஷ்ணன் 2024 நவம்பரில் மறையும் வரை நாட்டின் முதல்வரிசைச் செல்வந்தர்களில் ஒருவராக இருந்தார். தமிழன் என்று நாம் மார்தட்டிக்கொண்டோம், தவறில்லை. அதனால் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வாடகை ஒரு வெள்ளி குறைந்ததா?

இனி தம்பி விஷயம். போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சிங்கப்பூர் வெள்ளி ஒன்று நம் மூன்று வெள்ளிக்கு மேல் போகிறது, அது ஒன்றே போதுமான காரணம். ஆனால் சம்பளத்தை மூன்றால் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பெட்டி கட்ட வேண்டாம். அறை வாடகை, சாப்பாடு, வேலை பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் கேட்கும் தொகை மூன்றையும் கழிக்கச் சொல்லுங்கள். பலர் கழிக்க மறப்பது இன்னொன்று. பாயான் லெப்பாஸில் ஐயாயிரம் வெள்ளிக்குள் சம்பளம் என்றால் அவருடைய 11 விழுக்காட்டோடு முதலாளியும் மாதாமாதம் 13 விழுக்காடு ஊழியர் சேமநிதியில் போடுகிறார். சிங்கப்பூரில் அங்குள்ள குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான் மத்திய சேமநிதி உண்டு; வேலை அனுமதியில் போகும் மலேசியருக்கு முதலாளி அதில் ஒரு காசும் போடவேண்டியதில்லை. வேலை தருகிறேன் என்பவரிடம் தம்பி முதலில் சம்பளத்தைக் கேட்கட்டும். பிறகு அந்த 13 விழுக்காட்டைத் தாமே நம் சேமநிதியில் கட்டினால் கையில் என்ன மிஞ்சும் என்று ஒரு தாளில் எழுதி உங்களிடம் காட்டட்டும்.